நல்கை விண்ணப்பமும் பாயிர மரபும்: சுவடி, நூலகப் பாதுகாப்புத் திட்டங்களை முன்வைத்து ஒரு கருத்துரை

சுருக்கம்

தமிழ்ச் சுவடிகளையும் அரிய அச்சு நூல்களையும் வைத்திருக்கும் சிறு நூலகங்களும் அறக்கட்டளைகளும் அவற்றைக் காப்பதற்குப் புற நல்கையை நாட வேண்டிய நிலையில் உள்ளன. அவை அளிக்கும் விண்ணப்பங்களில் பெருமை விரிவாகவும் பொருள் சுருக்கமாகவும் அமையும் போக்கு உண்டு. நல்கை விண்ணப்பம் சீட்டுக்கவியின் வழிவந்ததன்று, பாயிரத்தின் வழியில் எழுதப்பட வேண்டியது என்பது இக்கட்டுரையின் கருத்து. நன்னூல் கூறும் சிறப்புப்பாயிர இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு விண்ணப்பத்தின் உறுப்புகளை இது ஆராய்கிறது. சுவடியைப் படித்து அடையாளம் காணும் புலமை உழைப்பு செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும் எனவும், விண்ணப்ப உருவாக்கம் தமிழ்த்துறைகளின் கல்விப் பொறுப்புகளுள் ஒன்றாக வேண்டும் எனவும் வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: நல்கை, விண்ணப்பம், சிறப்புப்பாயிரம், சீட்டுக்கவி, சுவடிப் பாதுகாப்பு, மின்னுருவாக்கம், செலவுத் திட்டம்

முன்னுரை

நல்கை (மானியம்) கோரும் விண்ணப்பம் அலுவலகப் பணியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அதைக் கணக்கர் நிரப்புவார், செயலர் கையெழுத்திடுவார், புலவரோ திட்டம் ஏற்கப்பட்ட பின்னரே உள்ளே வருவார். இப்பிரிவினை சுவடித் துறையில் பெரும் இழப்புக்குக் காரணமாகிறது. எந்தச் சுவடி முதலில் காக்கப்பட வேண்டும், எது வேறிடத்தில் படியுடன் உள்ளது, எது ஒற்றைப் படி என்னும் முடிவுகள் புலமை சார்ந்தவை. விண்ணப்பம் எழுதும் வேளையில் இம்முடிவுகள் எடுக்கப்படவில்லையெனில், திட்டக் காலத்தில் அவற்றுக்கு நேரமும் இராது, பணமும் இராது.

பொருள் வழங்கும் அமைப்புகள் இன்று பலவாக உள்ளன. 2003இல் தொடங்கப்பட்ட தேசியச் சுவடி இயக்கத்தின் தொடர்ச்சியாக, 2025-26ஆம் ஆண்டின் ஒன்றிய வரவுசெலவுத் திட்டத்தில் ஞான பாரதம் இயக்கம் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்தும் ஆவணப்படுத்தியும் காத்தல் அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் அழிநிலை ஆவணங்கள் திட்டத்தை நடத்துகிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவு, குறித்த அளவுக்கு மேற்பட்ட பெருநிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பும் பொது நூலகம் அமைத்தலும் இடம்பெற்றுள்ளன. வழிகள் இருந்தும், சுவடியோ அரிய நூலோ வைத்திருக்கும் சிறு அமைப்புகள் அவற்றை எளிதில் எட்ட முடிவதில்லை. அதற்கான காரணங்களுள் ஒன்று விண்ணப்பம் என்னும் எழுத்து வகைமை குறித்த தெளிவின்மை.

புரவலரிடமிருந்து குழுவுக்கு

பொருள் வேண்டி எழுதுதல் தமிழுக்குப் புதிதன்று. புலவர் தம் வறுமையையும் புலமையையும் எடுத்துரைத்துப் புரவலருக்கு விடுத்த சீட்டுக்கவிகள் தனியொரு வகைமையாகவே நிலைபெற்றன. அவற்றில் பாடுவோரின் தகுதியும் பாடப்படுவோரின் கொடையும் முதன்மை பெறும். கொடை ஒருவரது மனம் நெகிழ்வதைப் பொறுத்தது. என்ன செலவு, எத்தனை நாள், முடிவில் என்ன கிடைக்கும் என்ற வினாக்கள் அங்கே எழுவதில்லை.

அச்சுக் காலம் இவ்வுறவை மாற்றியது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவருமுன்னரே பலரிடம் கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். கையொப்பமிட்டவர் புரவலரும் ஆவார், நூலை எதிர்நோக்கும் வாசகரும் ஆவார். எந்த நூல், எவ்வளவு விலை, எப்போது கிடைக்கும் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் முயற்சியால் மதுரையில் தோன்றிய தமிழ்ச் சங்கம், தனிப்பட்ட கொடையை நிறுவன வடிவிலான ஆதரவாக மாற்றிய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது.

இன்றைய நல்கைக் குழு இதனினும் வேறானது. விண்ணப்பத்தை மதிப்பிடுவோர் விண்ணப்பிப்பவரை அறியாதவர். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவர் எதிரே பல நாடுகளிலிருந்து, பல மொழிகளின் சார்பில் வந்த விண்ணப்பங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் மொழியே தொன்மையானது, தன் மரபே அழிவில் நிற்பது என்று கூறுகிறது. ஆகவே தொன்மை அங்கே வேறுபடுத்தும் பண்பாக இருப்பதில்லை. எண்ணிக்கையும் நிலையும் முறையும் மட்டுமே ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துகின்றன.

தற்புகழ்ச்சியின் எல்லை

நன்னூலின் பாயிரப் பகுதி இவ்வேறுபாட்டைக் கருத்தளவில் முன்னரே வரைந்துள்ளது. அரிய நூல்களை ஆக்கியவராயினும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்று கூறும் பவணந்தியார், அது குற்றமாகாத சில இடங்களையும் வகுக்கிறார். அவற்றுள் ஒன்று அரசவைக்கு விடுக்கும் ஓலை. சீட்டுக்கவி இவ்விலக்கில் அடங்கும். பாயிரமோ அடங்காது. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் தாமே செய்வதில்லை. ஆசிரியர், உடன்பயின்றோர், மாணாக்கர், உரைசெய்தோர் ஆகியோரே அதைச் செய்யத் தகுந்தவர்.

நல்கை விண்ணப்பங்களில் பரிந்துரைக் கடிதம் தனி இணைப்பாகக் கேட்கப்படுவதன் காரணமும் இதுவே. அமைப்பின் சிறப்பைப் பிறர் கூற வேண்டும், அமைப்பு தன் பொருளைக் கூற வேண்டும். இவ்வொழுங்கு குலையும்போது விண்ணப்பத்தின் முதற்பக்கம் செம்மொழிச் சிறப்பு, நிறுவனர் வரலாறு, விழாக்கள், விருதுகள் என நிரம்புகிறது. அப்பக்கத்தைப் படித்து முடித்தவருக்கு அமைப்பிடம் எத்தனை சுவடிக் கட்டுகள் உள்ளன என்பது தெரிவதில்லை. சொல் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்ட படிவத்தில் இது இடவிரயம் மட்டுமன்று. தன் சேகரத்தைத் தானே அறியாத அமைப்பு என்ற எண்ணத்தையும் மதிப்பீட்டாளரிடம் தோற்றுவிக்கிறது.

சிறப்புப்பாயிரத்துக்கு உரிய செய்திகளாக நன்னூல் எட்டினைக் கூறி, மேலும் மூன்றைச் சேர்ப்போரும் உளர் என்கிறது. அப்பதினொன்றும் ஒரு நல்ல விண்ணப்பம் விடையளிக்க வேண்டிய வினாக்களாகவே அமைகின்றன. அவற்றுள் முதன்மையானவை கீழே ஆராயப்படுகின்றன.

நுதலிய பொருளும் எல்லையும்

விண்ணப்பத்தின் வலிமை அதன் எல்லையில் உள்ளது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் ஆதரவுடன் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று, 1870 முதல் 1940 வரையிலான கிராம நீதிச் சபைகளின் ஆவணங்களைத் தேடிப் படியெடுத்தது. தமிழர் வழக்காற்றுச் சட்டம் முழுமையும் என்று அது தன் பொருளை விரிக்கவில்லை. ஆவண வகை ஒன்று, கால எல்லை ஒன்று, அழிவதற்கான காரணம் ஒன்று என வரையறுத்துக்கொண்டது. தமிழகத்தின் பழைய நிழற்படக் கூடங்களின் படங்களை ஆவணப்படுத்திய அந்நிறுவனத்தின் மற்றொரு பணியும் இவ்வாறே குறுகிய பொருளும் தெளிந்த எல்லையும் கொண்டது.

நல்கை வழங்கும் அமைப்பின் வரையறையோடு சேகரத்தின் இயல்பு பொருந்துகிறதா என்பது அடுத்த வினா. தேசியச் சுவடி இயக்கம் சுவடி என்பதற்கு, குறைந்தது 75 ஆண்டுப் பழமையுடைய, ஓலை, தாள், துணி, உலோகம் முதலியவற்றில் கையால் எழுதப்பட்ட ஆக்கம் என வரையறை தந்தது. கல்லச்சு நூல்களும் அச்சு நூல்களும் அதில் சேரா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரிய அச்சு நூல்களையும் குசிலிப் பதிப்புகளையும் வைத்திருக்கும் நூலகம் சுவடித் திட்டத்துக்கு விண்ணப்பித்தால், அதன் சேகரம் எவ்வளவு உயர்ந்ததாயினும் விண்ணப்பம் தள்ளப்படும். ஒரே நூலகத்தில் இருவகையும் இருப்பின் இரு விண்ணப்பங்கள் தேவை.

எல்லையை வரையறுக்க முன்கணக்கெடுப்பு வேண்டும். கட்டுகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு கட்டிலும் உள்ள ஏடுகளின் தோராய எண், நீள அகலம், பூச்சி அரிப்பு, முறிவு, பூஞ்சை ஆகியவற்றின் நிலை, நூற்பெயர் தெரிந்தவை, தெரியாதவை என்னும் ஆறு செய்திகளைக் கொண்ட பட்டியல் போதும். முழுச் சேகரத்துக்கும் இயலாவிடின் பத்தில் ஒரு கட்டை எடுத்து ஆராய்ந்து, அவ்வாறே செய்யப்பட்டது என்பதையும் குறிப்பிடலாம். இத்தகைய விவரிப்புக்குத் தமிழில் முன்மாதிரி உண்டு. உ.வே. சாமிநாதையரும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் தம் பதிப்பு முன்னுரைகளில் எந்தப் பிரதி யாரிடமிருந்து கிடைத்தது, எங்கே சிதைந்திருந்தது என்பவற்றைப் பதிவு செய்தனர். நல்ல விண்ணப்பத்தின் பொருள் விளக்கம் பெரும்பாலும் நல்ல பதிப்பு முன்னுரையின் பிரதி விளக்கமே.

ஆக்கியோனும் வழியும்

ஆக்கியோன் என்னும் உறுப்பு இங்கே சட்ட வடிவத்தைக் குறிக்கும். அமைப்பு 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா, அறக்கட்டளையா, வருமான வரிச் சட்டத்தின்படி பதிவு உண்டா, தணிக்கை செய்யப்பட்ட மூன்றாண்டுக் கணக்கு உண்டா என்பன தொடக்க வினாக்கள். பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியை நாடும் அமைப்புகள் 2021 ஏப்ரல் முதல் நிறுவனங்கள் துறை அமைச்சகத்தில் தனியே பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

வெளிநாட்டு நல்கையாயின் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கிடுகிறது. 2020இல் திருத்தப்பட்ட இச்சட்டத்தின்படி, பதிவு பெற்ற அமைப்பு வெளிநாட்டுப் பணத்தைப் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கிலேயே முதலில் பெற வேண்டும். நிருவாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது. பெற்ற பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் இயலாது. இவ்விதிகளில் கடைசியானது விண்ணப்பத்தின் கட்டமைப்பையே தீர்மானிக்கிறது. பதிவில்லாத சிற்றூர் நூலகம் ஒன்று, பதிவு பெற்ற பெரிய நிறுவனத்தின் வழியாகப் பணம் பெற்றுத் தானே பணியை நடத்தலாம் என எண்ணித் திட்டமிட்டால், நல்கை கிடைத்த பின்னும் பணி நடைபெறாது. அந்நிலையில் பெரிய நிறுவனமே பணியாளரை அமர்த்தி, கருவி வாங்கி, நூலகத்தில் பணி செய்வதாகத் திட்டம் அமைய வேண்டும். சேகரத்தின் உடைமை, படிகளின் உரிமை, பணி முடிந்தபின் கருவிகள் யாருக்கு என்பன இரு தரப்பு ஒப்பந்தத்தில் முன்னரே எழுதப்பட வேண்டும்.

வழி என்பது முன்னைப் பணியைக் குறிக்கும். நூல் முதல், வழி, சார்பு என வகைப்படுவதுபோல் திட்டமும் தனக்கு முந்திய பணிகளோடு தன் உறவைச் சொல்ல வேண்டும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம், தஞ்சை சரசுவதி மகால், உ.வே.சா. நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் சுவடிப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, எவை அங்கு இல்லாதவை எனக் காட்டும் ஒரு பத்தி, தொன்மை குறித்த பல பக்கங்களைவிடப் பயன் தரும்.

யாப்பு: பணியின் இயைபு

யாப்பு என்பதற்கு, இந்த நூலைக் கற்றபின் இது கற்கத்தக்கது என்னும் இயைபைப் பொருளாகக் கொள்ளும் உரை மரபு உண்டு. விண்ணப்பத்தில் இது பணிகளின் வரிசையும் கால அட்டவணையும் ஆகும். விண்ணப்பத்தின் உண்மைத் தன்மை வெளிப்படும் இடமும் இதுவே.

எடுத்துக்காட்டாக, 1,200 சுவடிக் கட்டுகளை உடைய ஒரு சேகரத்தைக் கொள்ளலாம். கட்டு ஒன்றுக்குச் சராசரி 150 ஏடுகள், ஏட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படம் எனில் மொத்தம் 3,60,000 படங்கள். ஒரு கேமராவில் நாளொன்றுக்கு 600 படங்கள் எடுக்கப்படுவதாகக் கொண்டால் 600 வேலைநாள்கள் தேவை. மாதத்துக்கு 22 வேலைநாள் வீதம் அது 27 மாதங்களுக்கு மேல். இச்சேகரத்தை ஒரு கேமராவைக் கொண்டு ஓராண்டில் முடிப்பதாகக் கூறும் விண்ணப்பம் எளிய வகுத்தல் கணக்கிலேயே வீழ்ந்துவிடும். இரண்டு கேமராக்கள் எனில் 300 நாள், அதாவது ஏறத்தாழ 14 மாதம். தொடக்கப் பயிற்சிக்கும் இறுதிச் சரிபார்ப்புக்கும் இடம் தந்தால் 18 மாதம் என்பதே நேர்மையான கணக்கு. படம் ஒன்று 60 மெகாபைட் எனில் ஒரு தொகுதிக்கு 21.6 டெராபைட் சேமிப்பிடமும், மூன்று படிகளுக்கு ஏறத்தாழ 65 டெராபைட்டும் வேண்டும்.

இக்கணக்கில் பெரிதும் விடுபடுவது மற்றொன்று. ஒரு கட்டில் ஒரு நூலே இருக்கும் என்பதில்லை. மருத்துவம், சோதிடம், அம்மானை, கணக்கு ஆகியவை ஒரே கட்டில் கலந்திருக்கும். முதல் ஏடு இல்லாமையால் பெயர் தெரியாத நூல்கள் இருக்கும். ஏடுகள் மாறிக் கோக்கப்பட்டிருக்கும். இவற்றைப் படித்து அடையாளம் காணும் சுவடிப் புலவர் நாளொன்றுக்கு ஐந்து கட்டுகளைப் பட்டியலிடுவதாகக் கொண்டாலும், 1,200 கட்டுகளுக்கு 240 வேலைநாள் ஆகும். இரு புலவர் பணியாற்றினால் ஐந்தரை மாதம். இவ்வுழைப்பு படப்பிடிப்புக்கு முன்னர் தொடங்கி அதனோடு இணைந்து செல்ல வேண்டும். நடைமுறையிலோ கேமரா, கணினி, மின்னுருவாக்கப் பணியாளர் ஆகியோருக்குத் தொகை குறிக்கப்பட்டு, பட்டியலாக்கம் அமைப்பின் பங்களிப்பு என்ற பெயரில் ஊதியமின்றி விடப்படுவதுண்டு. விளைவு வெளிப்படையானது. படங்கள் இருக்கும், அவை எந்த நூலின் படங்கள் என்பது தெரியாது. தேட இயலாத மின்படி, அடுக்கில் கட்டிவைத்த சுவடியிலிருந்து பயனளவில் வேறுபடாது.

கேட்போரும் பயனும்

நல்கை வழங்குவோர் பயன் என்பதை அளவிடத்தக்க விளைவாகக் கேட்கின்றனர். 3,60,000 படங்கள் என்பது உற்பத்தி. அவற்றை யார், எங்கே, எவ்வகையில் பயன்படுத்துவர் என்பதே பயன். பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தில் மூல ஆவணங்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதில்லை. மின்படிகள் உள்நாட்டு நிறுவனம் ஒன்றிலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் வைக்கப்படுகின்றன. ஆகவே உரிமையாளரின் இசைவு விண்ணப்பத்துக்கு முன்னரே பெறப்பட வேண்டும். குடும்பச் சுவடியை வைத்திருப்பவர் படியெடுக்க இசைவதும் இணையத்தில் வெளியிட இசைவதும் ஒன்றல்ல. மருத்துவச் சுவடிகளில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையானது. இரண்டையும் பிரித்துக் கேட்கும் இசைவுப் படிவம், உரிமையாளருக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும்.

அச்சு நூல்களாயின் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை நோக்க வேண்டும். ஆசிரியர் மறைவுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1970இல் மறைந்த ஆசிரியர் ஒருவரின் நூல் 2030 இறுதி வரை காப்புக்கு உட்பட்டது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் இதற்கு விலக்கு. சேகரத்தை இவ்வாறு மூன்றாகப் பகுத்து, எவ்வளவு பகுதி உடனே வெளியிடத்தக்கது எனக் கூறும் விண்ணப்பம் தன் வாக்குறுதியை அறிந்து தருகிறது.

காலம், களம், காரணம்

பாயிர இலக்கணத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்டனவாகக் கூறப்படும் இம்மூன்றும் விண்ணப்பத்தில் முன்னிற்பவை. ஏன் இப்போது, ஏன் இங்கே, ஏன் இப்பணி என்பன மதிப்பீட்டாளரின் முதல் வினாக்கள். காலம் கடந்தால் என்ன நேரும் என்பதற்கு 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது என்றும் மறையாத சான்று. ஆயினும் பெருந்தீயைப் போன்ற நிகழ்வுகளை மட்டும் சுட்டுவது போதாது. ஓட்டின் கசிவு, கரையான், ஈரப்பதம், வாரிசுகளின் இடப்பெயர்வு, பழைய வீடு விற்கப்படுதல் ஆகிய அன்றாடக் காரணங்களே பெரும்பாலான சேகரங்களை அழிக்கின்றன. அவற்றைக் குறிப்பாக எழுத வேண்டும்.

களத்தைப் பொறுத்தவரை, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரம் அவர் மறைவுக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பட்டபோது, அது கடல் கடந்து செல்லாமல் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றதைச் சுட்டலாம். பொருள் வெளியிலிருந்து வரினும் சேகரம் தன் மொழிச் சூழலில் நிலைபெற முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. சேகரம் இருக்கும் இடத்திலேயே அதைக் காக்க வேண்டும் என வாதிடும் அமைப்புகள் இம்முன்மாதிரியைத் துணையாகக் கொள்ளலாம்.

செலவுத் திட்டம் ஒரு வாதம்

செலவுத் திட்டம் விண்ணப்பத்தின் பின்னிணைப்பன்று. எது முதன்மை என்பதை அமைப்பு எண்களால் கூறும் இடம் அது. ஒவ்வொரு தொகைக்கும் எண்ணிக்கை, வீதம், காலம் என்னும் மூன்றும் காட்டப்பட வேண்டும். பட்டியலாக்கம் எனத் திரளாக ஒரு தொகையைக் குறிப்பதைவிட, இரு சுவடிப் புலவர், ஐந்தரை மாதம், மாத ஊதியம் இவ்வளவு எனக் குறிப்பது ஏற்கத்தக்கது. ஏடுகளைத் தூய்மை செய்யும் தூரிகை, எலுமிச்சைப்புல் எண்ணெய், சுற்றும் துணி, அமிலமற்ற பெட்டி ஆகிய சிறு செலவுகளை எழுதுவதும் பணியறிவைப் புலப்படுத்தும். அரசு நல்கையாயின் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்க வேண்டியிருப்பதால், தொகைத் தலைப்புகள் பிற்காலக் கணக்கெழுதுதலுக்கு ஏற்றவையாக முதலிலேயே அமைதல் நன்று.

திட்டம் முடிந்த பிறகு வன்தட்டுகளை மாற்றுவதற்கும் வழங்கியைப் பேணுவதற்கும் யார் செலவிடுவர் என்ற வினாவுக்குத் திட்டத்திலேயே விடை வேண்டும். இதற்குப் பொருள் தர நல்கையாளர் தயங்குவது உண்மை. அதனால் அவ்வினாவை மறைத்தல் தீர்வாகாது. பல்கலைக்கழகம் அல்லது அரசு நூலகம் ஒன்றுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொள்வது ஒரு வழி.

எழுப்பப்படும் மறுப்புகள்

நல்கையை நாடும் போக்கு புலமையைத் திட்டங்களுக்கு அடிமையாக்கும் என்பது ஒரு மறுப்பு. அதில் உண்மை உண்டு. நல்கையாளர் விரும்பும் சொற்களுக்கேற்பச் சேகரத்தின் இயல்பைத் திரித்துக் கூறும் விண்ணப்பங்கள் எழலாம். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத் திட்டம் தன்னார்வலர் உழைப்பையும் புலம்பெயர்ந்தோர் உள்ளிட்ட சமூகத்தின் பங்களிப்பையும் கொண்டு ஈழத்து எழுத்தாவணங்களைத் திரட்டியதை இம்மறுப்பாளர் சுட்டுவர். ஆனால் சமூகக் கொடையும் நம்பிக்கையையும் கணக்கையும் கோருகிறது. இங்கே கூறப்பட்ட பட்டியலும் எல்லையும் கால அட்டவணையும் அங்கும் தேவைப்படுபவையே. திரிபுக்கான மருந்து விண்ணப்பத்தைத் தவிர்ப்பதில் இல்லை. முன்கணக்கெடுப்பை முதலில் செய்து, அதற்குப் பொருந்தும் நல்கையைப் பின்னர்த் தேடுவதில் உள்ளது.

மொழி குறித்தது மற்றொரு மறுப்பு. தமிழ்ச் சுவடியைக் காக்க ஆங்கிலத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருப்பது சுவடிப் புலவரை விலக்கி, படிவம் நிரப்பத் தெரிந்தவரை முன்னிறுத்துகிறது. இம்முறையீடு நியாயமானது. தமிழ்நாட்டு அரசு சார்ந்த நல்கைகளேனும் தமிழ் விண்ணப்பங்களையும் தமிழ் மதிப்பீட்டையும் இயல்பாகக் கொள்ள வேண்டும். பிறவற்றுக்கு, முழு விண்ணப்பத்தையும் முதலில் தமிழில் புலவரே எழுதி, பின்னர் மொழிபெயர்க்கும் முறையைக் கைக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் தொடங்கும் விண்ணப்பம் பொதுச் சொற்களில் தங்கிவிடுகிறது. தமிழில் தொடங்குவது சேகரத்தின் இயல்பான சொற்களோடு தொடங்குகிறது.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன

முதுகலை, ஆய்வியல் பாடத்திட்டங்களில் சுவடியியலும் பதிப்பியலும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றின் பகுதியாக, ஓர் உண்மையான சேகரத்துக்கு முன்கணக்கெடுப்பு அறிக்கையும் செலவுத் திட்டமும் எழுதும் பயிற்சியைச் சேர்க்கலாம். மாணவர் இருபது கட்டுகளைப் பட்டியலிட்டாலும் அது அச்சேகரத்தின் முதல் விண்ணப்பத்துக்கு அடிப்படையாகும். ஆய்விதழ்கள் முன்கணக்கெடுப்பு அறிக்கைகளைத் தனிப் பகுதியாக ஏற்று வெளியிடலாம். மதிப்பீட்டுக்கு உட்பட்டு வெளிவந்த அறிக்கை, பரிந்துரைக் கடிதத்தைவிட வலிய சான்று. துறைப் பேராசிரியர்கள் தம் பகுதியின் சிறு நூலகங்களுக்கு ஆலோசகராக அமைந்து, எல்லையும் ஒப்பீடும் வரையறுக்கும் பகுதியை எழுதித் தரலாம். நல்கையாளரிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மின்னுருவாக்கத்துக்கு முந்திய பட்டியலாக்கத்துக்குத் தனிச் சிறு நல்கைகள் பெருக வேண்டும். அவை இல்லாதவரை, தம் சேகரத்தை ஏற்கெனவே அறிந்துள்ள பெரிய நிறுவனங்களே மீண்டும் மீண்டும் பயன்பெறும். பட்டியலிடப்படாத சிறு சேகரங்கள் விண்ணப்பிக்கும் தகுதியைக்கூடப் பெறாமல் அழியும்.

முடிவுரை

சீட்டுக்கவியின் காலத்தில் புலவரின் திறமே பொருளுக்கு உரிமை தந்தது. குழுவின் காலத்தில் அவ்வுரிமையைத் தருவது, தன் கையில் உள்ளது எது, அதன் நிலை என்ன, அதைக் காக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதைத் திட்டமாக அறிந்து கூறும் அறிவு. நூலுக்கு முன் நின்று நூலை அறிமுகப்படுத்தும் பாயிரத்தின் பணியும் அதுவே. அவ்வறிவு கணக்கரிடமோ கருவி விற்போரிடமோ இல்லை, சுவடியைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவரிடம் உள்ளது. அவர் விண்ணப்பத்தை எழுதவும், அவர் உழைப்பு அதன் செலவுத் திட்டத்தில் ஊதியமாக இடம்பெறவும் வேண்டும். இவ்விரண்டும் நிகழுமாயின், நல்கை கிடைக்காத ஆண்டுகளிலும் சேகரத்துக்கு ஒரு பட்டியலேனும் எஞ்சும்.